ஒன்நோட் குறிப்பேட்டைக் குழுவோடு பகிர்ந்தோம். இப்போது ஆளுக்கொரு பிரதி இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

தாழம்பூ (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஒரு சிறிய மொழிபெயர்ப்புக் குழு. ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம், நேரில் கூடுவது அரிது. கலைச்சொற்கள், அத்தியாய வரைவுகள், தீராத ஐயங்கள் எல்லாவற்றையும் ஒன்நோட்டில் (மைக்ரோசாஃப்டின் குறிப்பெடுக்கும் செயலி) ஒரே குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தோம். குழுவில் ஒருவர் ஏற்கெனவே தன் கணினியில் அழகாக ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். அதன் கோப்புறையை அப்படியே ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) கோப்புறைக்குள் இழுத்துப் போட்டு, அதை எங்கள் எல்லோருக்கும் பகிர்ந்தார்.

முதல் சில நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் தொல்லை தொடங்கியது. நான் சேர்த்த சொற்கள் சிலருக்கு வருகின்றன, சிலருக்கு வரவே இல்லை. "கலைச்சொற்கள்" என்ற பிரிவு இப்போது மூன்றாக நிற்கிறது. இரண்டின் பெயருக்குப் பின்னால் யாருடைய கணினியின் பெயரோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருவர் தொலைபேசியில் திறக்கப் பார்த்தால் குறிப்பேடே தெரியவில்லை. இன்னொருவருக்குப் பக்கத்தின் மேலே மஞ்சள் பட்டை ஒன்று வருகிறது, என்னவென்று புரியாமல் மூடிவிடுகிறார்.

பேசிப் பேசி முடிவுசெய்த சொற்கள் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிட்டன என்பதுதான் என் பெரிய கவலை. எந்தப் பிரதி கடைசிப் பிரதி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பழையபடி மின்னஞ்சலில் வேர்டு கோப்பு அனுப்பிக்கொள்ளலாம் என்று இருவர் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனமில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

முகில்87

இணையம் மெதுவாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் குழுவிலும் இப்படி வந்தது. எஃப்9 அழுத்தினால் எல்லாக் குறிப்பேடுகளும் உடனே சிங்க் ஆகும், அதாவது இணையத்தில் உள்ள பிரதியோடு ஒத்துப்போகும். ஷிஃப்டோடு சேர்த்து எஃப்9 அழுத்தினால் திறந்திருக்கும் குறிப்பேடு மட்டும் ஆகும். அதைச் செய்து பார்த்தீர்களா?

ஏட்டுச்சுவடி

முகில், அந்தக் குறுக்குவிசை நல்லதுதான், ஆனால் இங்கே நோய் வேறு. தாழம்பூ சொன்னதிலேயே விடை இருக்கிறது: "கோப்புறையை இழுத்துப் போட்டு".

ஒன்நோட் குறிப்பேடு ஒற்றைக் கோப்பு இல்லை, அது ஒரு கோப்புறை. உள்ளே ஒவ்வொரு பிரிவும் தனிக் கோப்பு. பிரிவுகளின் வரிசையையும் நிறத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள இன்னொரு சிறிய கோப்பு. இதை வெறும் கோப்புகளாக ஒன்டிரைவில் போட்டால், ஒன்டிரைவ் அவற்றை வெறும் கோப்புகளாகத்தான் நடத்தும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஒரே பிரிவில் எழுதினால் அதற்கு யார் எந்தப் பத்தியை மாற்றினார்கள் என்பது தெரியாது. கோப்பு இரண்டு விதமாக மாறியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். எழுத்து தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பெயரில் கணினியின் பெயரைச் சேர்த்துவிடும். உங்கள் மூன்று "கலைச்சொற்கள்" பிரிவுகள் பிறந்தது அப்படித்தான்.

முறையாக வைத்த குறிப்பேட்டில் கதை வேறு. உண்மையான பிரதி மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், ஒன்றே ஒன்றுதான் இருக்கும். உங்கள் கணினியில் இருப்பது அதன் தற்காலிக நகல். ஒன்நோட் செயலி நேரடியாக மேகத்தோடு பேசி, மாறிய பகுதிகளை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும், பிறர் மாற்றியதைக் கொண்டுவரும். ஒரே பக்கத்தில் நான்கு பேர் வெவ்வேறு பத்திகளில் எழுதினாலும் அதுவே பின்னிவிடும்.

சோதிக்க எளிய வழி உண்டு. பகிர்ந்தவரின் விண்டோஸ் கணினியில் ஒன்டிரைவ் கோப்புறையைத் திறந்து பாருங்கள். முறையாக வைத்த குறிப்பேடு அங்கே ஓர் இணையக் குறுக்குவழியாக மட்டும் தெரியும். சொடுக்கினால் உலாவியிலோ செயலியிலோ திறக்கும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிரிவும் தனித்தனிக் கோப்பாகத் தெரிந்தால், அது இழுத்துப் போட்டது.

தாழம்பூ

பார்க்கச் சொன்னேன். தனித்தனிக் கோப்புகளாகத்தான் இருக்கின்றன. இப்போது அதை அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாமா?

ஏட்டுச்சுவடி

அழிக்காதீர்கள்! எதையும் அழிக்காதீர்கள். கணினியில் உள்ள தற்காலிக நகலை நீக்குவது, செயலியை நீக்கி மறுபடி நிறுவுவது என்று இணையத்தில் நிறைய வைத்தியம் சொல்வார்கள். சிங்க் ஆகாமல் யாருடைய கணினியிலாவது தேங்கி நிற்கும் எழுத்து இருந்தால் அந்த வைத்தியத்தில் அது போய்விடும். உங்கள் குழுவில் இப்போது அப்படித் தேங்கியது நிச்சயம் இருக்கும்.

இதைச் செய்யுங்கள். எல்லோரும் எழுதுவதை நிறுத்த வேண்டும், இன்று முதல், சரியாகும் வரை. ஒரு வரிகூடச் சேர்க்கக் கூடாது. அப்புறம் விண்டோஸ் கணினியில் ஒன்நோட் செயலி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் திரையில் தெரியும் குறிப்பேட்டை ஃபைல், எக்ஸ்போர்ட் வழியாக முழுக் குறிப்பேட்டுப் பொதியாகச் சேமித்து வைக்கட்டும். அது ஒரே கோப்பாக வரும். பெயரில் ஆளின் பெயரையும் தேதியையும் போடச் சொல்லுங்கள். இது உங்கள் காப்பு. பின்னால் என்ன நடந்தாலும் இதிலிருந்து மீளலாம்.

பிறகு ஒருவர் மட்டும், செயலிக்குள்ளிருந்தே ஃபைல், நியூ என்று போய், இடமாக ஒன்டிரைவைத் தேர்ந்து, வெறும் புதுக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கட்டும். பழைய குறிப்பேட்டையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவின் மேலும் வலச்சொடுக்கி 'மூவ் ஆர் காப்பி' மூலம் புதியதற்குக் கொண்டுபோகலாம். அதில் காப்பியைத்தான் அழுத்த வேண்டும், மூவ் வேண்டாம். மூன்று கலைச்சொல் பிரிவுகளையும் மூன்றாகவே கொண்டுபோங்கள், இப்போதே ஒன்றாக்க முயல வேண்டாம்.

எல்லாம் போன பிறகு ஃபைல், இன்ஃபோ பக்கத்தில் 'வியூ சிங்க் ஸ்டேட்டஸ்' என்று இருக்கும். அங்கே பிழை ஏதும் இல்லாமல் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். அதோடு விடாமல் உலாவியில் அதே குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். உலாவியில் தெரிவதுதான் மேகத்தில் இருப்பது, அதில் சந்தேகமே வேண்டாம். அங்கே எல்லாப் பிரிவும் வந்த பிறகுதான் ஃபைல், ஷேர் மூலம் மற்றவர்களை அழைக்க வேண்டும்.

பாலைநிலவன்

ஏட்டுச்சுவடி சொன்னதில் ஒரு சேர்க்கை. அழைப்பு இணைப்பு வந்தவர்கள் முதலில் உலாவியில் திறக்கட்டும். அங்கே படிக்க முடிகிறது, ஒரு சொல் தட்டச்சிட முடிகிறது என்று உறுதியானதும் அங்கிருந்தே 'டெஸ்க்டாப் செயலியில் திற' என்பதை அழுத்தினால் போதும். நேராகச் செயலியில் தேடப் போனால் அவர்கள் பழைய குறிப்பேட்டையே திறந்து அதில் எழுதத் தொடங்கிவிடுவார்கள், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பீர்கள். புதியதற்கு வேறு பெயர் வையுங்கள். பழையதை எல்லோரும் வலச்சொடுக்கி 'குளோஸ் நோட்புக்' செய்யட்டும். மூடுவது வேறு, அழிப்பது வேறு, பயப்பட வேண்டாம்.

அகராதிக்காதலி

நானும் சொற்பட்டியல் வேலை செய்பவள் என்பதால் தாழம்பூவின் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. அந்த மஞ்சள் பட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

அது முரண்பாட்டு அறிவிப்பு. இரண்டு பேர் ஒரே பத்தியை, ஒருவர் இணையம் இல்லாத நேரத்தில், வேறு வேறாகத் திருத்திவிட்டால் எதை வைத்துக்கொள்வது என்று செயலி தானாக முடிவெடுக்காது. ஒரு வடிவத்தைப் பக்கத்தில் விட்டு, மற்றதை முரண்பாட்டுப் பக்கமாக ஒதுக்கி வைத்து, மேலே மஞ்சள் பட்டையில் சொல்லும். பட்டையைச் சொடுக்கினால் ஒதுக்கிய பக்கம் திறக்கும், மாறுபடும் இடங்கள் சிவப்பாகத் தெரியும். தேவையானதை அங்கிருந்து முதன்மைப் பக்கத்துக்கு ஒட்டிவிட்டு ஒதுக்கிய பக்கத்தை நீக்கலாம். உங்கள் நண்பர் மூடிய ஒவ்வொரு பட்டைக்குப் பின்னாலும் யாரோ உழைத்து எழுதிய வரிகள் இருக்கின்றன. அவர் பொதி செய்து சேமிக்கும் முன் அவற்றைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று: குறிப்பேட்டுப் பட்டியலின் அடியில் 'மிஸ்பிளேஸ்டு செக்‌ஷன்ஸ்' என்று ஒன்று தெரிகிறதா என்று எல்லோரையும் கேளுங்கள். தாய்க் குறிப்பேட்டில் தன் இடத்தை இழந்த பிரிவுகள் அங்கே போய்த் தங்கும். சிங்க் ஆகாமல் நின்ற திருத்தங்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். அங்கிருந்து இழுத்துப் புதிய குறிப்பேட்டில் போட்டுவிடலாம்.

நெடுவழி

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு சடங்கு எதற்கு? கூகுள் டாக்ஸில் ஓர் ஆவணம் திறந்தால் எல்லாரும் ஒரே இடத்தில் எழுதலாம், யார் எழுதியது என்று வரலாறும் இருக்கும். மொழிபெயர்ப்பு வேலைக்குக் கருத்துரையும் பரிந்துரையும் இடும் வசதிதான் முக்கியம், அது அங்கே நன்றாக இருக்கிறது.

ஏட்டுச்சுவடி

அத்தியாய வரைவுக்கு நீங்கள் சொல்வது சரி, நெடுவழி. ஒரு நீண்ட உரையைப் பலர் திருத்த வேண்டும் என்றால் நானும் அங்கேதான் போவேன். ஆனால் நூற்றுக்கணக்கான சிறு குறிப்புகள், படங்கள், கையெழுத்துக் கிறுக்கல்கள், ஒரே தேடலில் எல்லாவற்றையும் துழாவுவது என்று வரும்போது ஆவணம் திணறும். வரைவை அங்கேயும் குறிப்பை இங்கேயும் வைத்துக்கொள்ளலாம், இணைப்பை மட்டும் குறிப்பேட்டில் போட்டுவைத்தால் போதும்.

பாலைநிலவன்

மாற்றுச் செயலிகளைப் பற்றிப் பேச்சு வந்ததால்: எதற்குப் போனாலும் "பகிர்வு எப்படி நடக்கிறது" என்பதைப் பார்த்துவிட்டுப் போங்கள். அப்சிடியன் எனக்கு மிகப் பிடித்தது, குறிப்புகள் வெறும் உரைக் கோப்புகளாக நம் கையிலேயே இருக்கும். ஆனால் அந்தக் கோப்புறையைச் சும்மா டிராப்பாக்ஸ் என்ற இணையச் சேமிப்பில் போட்டுப் பலர் எழுதினால் "முரண்பட்ட நகல்" என்ற பெயரோடு கோப்புகள் பெருகும், உங்கள் இன்றைய தொல்லையேதான். ஜோப்லின் திறந்த மூலச் செயலி. ஒருவர் தன் சாதனங்களுக்குள் சிங்க் செய்ய டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் எல்லாம் போதும். ஆனால் ஒரு குறிப்பேட்டை இன்னொருவரோடு பகிர ஜோப்லின் கிளவுடோ சொந்தமாக நிறுவிய ஜோப்லின் சர்வரோ வேண்டும். எவர்நோட்டின் இலவசத் திட்டம் 2023 இறுதியிலிருந்து ஒரே குறிப்பேடு, 50 குறிப்புகள் என்று சுருங்கிவிட்டது, குழுவுக்குப் போதாது. நோஷன் என்ற செயலியில் பக்கவாரியாக அனுமதி தரலாம் என்பது உண்மையான நன்மை.

கரிசல்மழை

பக்கவாரி அனுமதி என்றதும் கேட்கிறேன். ஒன்நோட்டில் ஒரு பிரிவை மட்டும் சிலருக்குத் தெரியாமல் மறைக்க முடியுமா? எங்கள் ஆய்வுக் குழுவில் நேர்காணல் குறிப்புகள் இருக்கின்றன. எல்லோரும் பார்க்கக் கூடாது. கடவுச்சொல் போட்டுப் பூட்டினால் போதுமா?

ஏட்டுச்சுவடி

முடியாது. அனுமதியின் எல்லை முழுக் குறிப்பேடு. உள்ளே வந்தவர் எல்லாவற்றையும் பார்ப்பார்; திருத்தும் உரிமை கொடுத்தால் எல்லாவற்றையும் திருத்துவார். பிரிவுக்குக் கடவுச்சொல் போடலாம், உள்ளடக்கம் மறையாக்கப்படும், அது உண்மைதான். ஆனால் பூட்டிய பிரிவு தேடலில் வராது, திறக்க வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும், அது மறந்துபோனால் மீட்டுத்தர யாராலும் முடியாது. நேர்காணல் கொடுத்தவர்கள் உங்களை நம்பிப் பேசியிருக்கிறார்கள். அவற்றுக்குத் தனிக் குறிப்பேடு வைத்து, தேவையான இருவரோடு மட்டும் பகிருங்கள்.

பகிரும்போது "இணைப்பு வைத்திருக்கும் எவரும்" என்று இருந்தால் அதை "குறிப்பிட்ட நபர்கள்" என்று மாற்றுங்கள். முன்னதில் இணைப்பு கைமாறிக் கைமாறி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அப்புறம், ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கினால் அவர் இனிமேல் வரும் மாற்றங்களைப் பார்க்க மாட்டார், அவ்வளவுதான். அவர் ஏற்கெனவே ஏற்றுமதி செய்ததையோ நகலெடுத்ததையோ திரும்பப் பெற முடியாது. ஆகவே யாரைச் சேர்ப்பது என்பதைச் சேர்க்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

அகராதிக்காதலி

யாருடைய கணக்கில் குறிப்பேடு இருக்கப் போகிறது என்பதையும் யோசியுங்கள், தாழம்பூ. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முன்பு நான் இருந்த குழுவின் சொற்குறிப்பேடு, உறுப்பினர் ஒருவரின் அலுவலகக் கணக்கில் இருந்தது. அவர் வேலை மாறினார், அலுவலகம் வழக்கம்போல அவருடைய கணக்கை மூடியது, குறிப்பேடும் கூடவே போனது. எங்களில் ஒருவரின் கணினியில் மூடாமல் திறந்திருந்த நகலிலிருந்து பாதியை மீட்டோம். மீதி இன்றுவரை இல்லை. எத்தனை பேரின் மாலைப் பொழுதுகள் அதில் இருந்தன என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

உரிமையாளரின் இடவசதியும் பார்க்க வேண்டும். பகிர்ந்த குறிப்பேடு எத்தனை பேர் எழுதினாலும் உரிமையாளரின் கணக்கில்தான் இடம் பிடிக்கும். இலவச ஒன்டிரைவில் 5 ஜிபி மட்டுமே. அவருடைய புகைப்படங்கள் அதை நிரப்பிவிட்டால் உங்கள் எல்லோருக்கும் சிங்க் நின்றுவிடும். எங்கள் புதிய குழுவில் குறிப்பேட்டுக்கென்றே தனிக் கணக்கு தொடங்கி, இருவர் அதன் மீட்பு விவரங்களை வைத்திருக்கிறோம். இரண்டு ஆண்டுகள் யாருமே உள்நுழையாவிட்டால் கணக்கே மூடப்படலாம் என்பதால் அவ்வப்போது உள்நுழைந்து வருகிறோம்.

தாழம்பூ

மிக்க நன்றி, எல்லோருக்கும். சொன்னபடியே செய்தோம். எழுதுவதை நிறுத்தச் சொன்னதுதான் கடினமாக இருந்தது, ஆனால் அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஒருவரிடம் மஞ்சள் பட்டைக்குப் பின்னால் இரண்டு பக்கங்கள் நிறையத் திருத்தங்கள் கிடைத்தன. 'மிஸ்பிளேஸ்டு செக்‌ஷன்ஸ்' இன்னொருவரிடம் இருந்தது. புதிய குறிப்பேடு இப்போது தொலைபேசியிலும் திறக்கிறது.

இன்னும் இரண்டு சிக்கல். ஒருவருக்கு எல்லாம் தெரிகிறது, ஆனால் எழுத முடியவில்லை; திருத்தும் உரிமை கொடுத்ததைப் பலமுறை சரிபார்த்துவிட்டோம். இன்னொருவருக்கு இணைப்பைத் திறந்தாலே அனுமதி இல்லை என்று வருகிறது.

பாலைநிலவன்

எழுத முடியாதவர் பழைய 'ஒன்நோட் ஃபார் விண்டோஸ் 10' செயலியில் திறக்கிறாரா என்று கேளுங்கள். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதன் பிறகு அதில் படிக்க மட்டுமே முடியும். வெறுமனே 'ஒன்நோட்' என்ற பெயரில் உள்ள செயலிக்கு மாற வேண்டும், அது இலவசம்தான். மாறும் முன் பழைய செயலியில் தேங்கிய குறிப்புகள் ஏதும் இருக்கின்றனவா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் செயலியை நீக்கிவிடாமல், முதலில் அவற்றை நகலெடுத்துப் புதியதில் ஒட்டிவிடட்டும்.

முகில்87

இரண்டாமவருக்கு நான் சொல்கிறேன், இது எனக்கே நடந்தது. அழைப்பு ஒரு மின்னஞ்சலுக்குப் போயிருக்கும், உலாவி வேறு கணக்கில் உள்நுழைந்திருக்கும். சிலருக்கு அலுவலகக் கணக்கு, சொந்தக் கணக்கு இரண்டும் ஒரே மின்னஞ்சல் முகவரியில் இருக்கும். அப்போது குழப்பம் இன்னும் அதிகம். உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் இணைப்பைத் திறந்து, அழைப்புப் போன கணக்கில் நுழையச் சொல்லுங்கள். திறந்துவிட்டால் காரணம் அதுதான்.

தாழம்பூ

இரண்டும் நீங்கள் சொன்னதுதான்! ஒருவர் பழைய செயலி, இன்னொருவர் அலுவலகக் கணக்கு. இப்போது எல்லோரும் உள்ளே வந்துவிட்டோம்.

மூன்று கலைச்சொல் பிரிவுகளையும் இனி எப்படி ஒன்றாக்குவது? ஒரே சொல்லுக்கு மூன்று வடிவம் இருக்கிறது. எது கடைசியாக முடிவானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அகராதிக்காதலி

செயலியின் ஹிஸ்டரி தாவலில் 'பேஜ் வெர்ஷன்ஸ்' உண்டு. ஒரு பக்கத்தின் முந்தைய வடிவங்களைத் தேதியோடும் திருத்தியவரின் பெயரோடும் காட்டும். ஆனால் இதைப் பழைய குறிப்பேட்டைத் திறந்து அங்கே பாருங்கள். நகலெடுத்த பக்கத்தோடு வரலாறும் வந்திருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். பழையதை அழிக்காமல் வைத்திருப்பதன் பயன் இப்போது தெரியும். யாராவது முன்பே ஏதாவது பக்கத்தை நீக்கியிருந்தால் குறிப்பேட்டின் குப்பைத்தொட்டியையும் பாருங்கள், 60 நாள் வரை அங்கே இருக்கும். அதற்கும் முந்தையது வேண்டுமென்றால் ஃபைல், இன்ஃபோவில் 'ஓப்பன் பேக்அப்ஸ்' இருக்கிறது. விண்டோஸ் செயலி தானாக எடுத்துவைத்த காப்புகள் அவரவர் கணினியில் கிடைக்கலாம்.

ஒன்றாக்கும் வேலையை ஒருவரிடமே கொடுங்கள். பலர் சேர்ந்து செய்தால் மறுபடி குழப்பம் வரும். அவர் மூன்று வடிவங்களையும் ஒரே அட்டவணையில் பக்கம் பக்கமாக வைக்கட்டும், தேதி தெளிவாக இருப்பவற்றை முடிக்கட்டும், தெளிவில்லாதவற்றைக் குழுவின் முன் வைக்கட்டும். உண்மையில் அவற்றில் சிலவற்றை நீங்கள் மறுபடி பேசித்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.

நெடுவழி

கலைச்சொற்களை ஒரே நீண்ட பக்கத்தில் வைக்காமல் எழுத்துவாரியாகப் பல பக்கங்களாகப் பிரித்தால் மோதல் குறையும் இல்லையா?

ஏட்டுச்சுவடி

குறையும், நல்ல யோசனை. இரண்டு பேர் ஒரே பத்தியில் கைவைக்கும் வாய்ப்புதான் மோதலுக்குக் காரணம். பக்கம் சிறிதாக இருந்தால் அந்த வாய்ப்பும் சிறிதாகும். பெரிய அட்டவணைகள் இந்த விஷயத்தில் தொல்லை தருபவை, அவற்றைத் தவிர்க்கலாம். ஒன்றாக்கும்போது மட்டும் தற்காலிகமாக அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். ரயிலிலோ விமானத்திலோ இணையம் இல்லாமல் எழுதுபவர்கள் தங்கள் பெயரில் ஒரு பக்கம் வைத்து அதில் எழுதி, இணையம் வந்து சிங்க் முடிந்த பிறகு உரிய பக்கத்தில் சேர்க்கட்டும். தொலைபேசியில் எழுதினால் எழுதியவுடன் செயலியை மூடிவிடாமல் சிங்க் முடியும்வரை திறந்தே வைத்திருக்க வேண்டும்.

தாழம்பூ

சரி, எழுத்துவாரியாகப் பிரித்துவிடுகிறோம். ஒன்றாக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பழைய குறிப்பேட்டின் பக்க வரலாற்றில் 'அ' முதல் 'ஔ' வரை பார்த்துவிட்டேன், பெரும்பாலானவற்றுக்குத் தேதியும் திருத்தியவர் பெயரும் இருக்கின்றன. குறிப்பேட்டுக்கெனத் தனிக் கணக்கும் இன்று தொடங்கியாயிற்று. இந்தப் பிரதியை அங்கே மாற்ற வேண்டுமென்றால் மறுபடி 'காப்பி' முறைதானே?

ஏட்டுச்சுவடி

ஆமாம், அதே முறைதான். தனிக் கணக்கில் நுழைந்து அங்கே புதுக் குறிப்பேடு தொடங்கி, பிரிவுகளைக் காப்பி செய்யுங்கள். ஒன்றாக்கும் வேலை முடிந்த பிறகு மாற்றினால் ஒரு முறையோடு போகும். மாற்றும் நாளில் எல்லோரையும் எழுதாமல் இருக்கச் சொல்லிவிடுங்கள்.